வாசலை அளந்து பிடித்த வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். என் மனைவி கலாவும் அதைத்தான் செய்தாள். திருமலைராயன்பட்டினத்தில் அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கொல்லைப் பக்கம் போனாள். குழாயைத் திருகி, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "லேசா உப்புக் கரிக்குது. சோறு வேகும்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

நான் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து நிலையை அளந்துகொண்டிருந்தேன்.

இரட்டைக் கதவு. வலது கதவு மட்டும் திறந்திருந்தது. இடது கதவை மேலேயும் கீழேயும் தாழ் போட்டு, அந்தத் தாழ் மேலேயே பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒற்றைக் கதவு வழியாக ஓர் ஆள் போகலாம். பீரோவைச் சாய்த்துக் கொண்டுபோகலாம். ஒருவரைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கிக்கொண்டு நேராக வெளியே வர முடியாது.

"என்னா சார், வாசல அளக்குறீங்க? பெரிய கட்டிலா?" என்றார் தரகர் கணபதி.

"ஆமாம்" என்றேன்.

கட்டிலுக்காக அளக்கவில்லை. என் அக்கா வசந்தாவுக்காக அளந்தேன். அவள் அப்போது தெருவில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, ஆட்டோக்காரரின் சட்டைக் காலர் பிரிந்திருப்பதைப் பற்றி அவரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். உயிரோடுதான் இருந்தாள்.

பார்க்கிங்கில் ஐஸ் பெட்டி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் சொன்னாராம், இந்த ஆள் எழுத்தில் கோபம் ஜாஸ்தி என்று. இருக்கிறது. இந்த வாரம் குறையாது. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நாங்கள் குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் குடியிருந்தோம். நான், கலா, பள்ளிக்கூடம் போகும் மகள், அக்கா. இரண்டாவது தளத்தில் ஒரு பெரியவர் வாடகைக்கு இருந்தார். ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மகன் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார். குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

லிஃப்டில் உடலை வைக்கிற ஐஸ் பெட்டி நுழையாது, படிக்கட்டில் திருப்ப முடியாது என்றார்கள். அது உண்மை. அதற்கப்புறம் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. "வாடகைக்கு இருக்கீங்க. வீட்டு ஓனர் சம்மதிக்கலை. நேரா கொண்டு போயிடுங்களேன்."

மகன் அழுது, கெஞ்சி, கடைசியில் பார்க்கிங்கில் இடம் கொடுத்தார்கள். தண்ணீர் மோட்டாருக்கும் ஒரு காருக்கும் நடுவில் ஐஸ் பெட்டி. பெட்டிக்கு மேலே கழிவுநீர்க் குழாய். ஆபீஸுக்குக் கிளம்பிய ஒருவர் காரை எடுக்க வேண்டும் என்றதும் பெட்டியைத் தள்ளி வைத்தார்கள். சாமானைத் தள்ளுகிற மாதிரி.

அக்கா பால்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்று மற்ற இடங்களுக்கும் பரவி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பி வைத்திருந்த சமயம்.

"டேய் தம்பி" என்றாள். "எனக்கு அந்த மோட்டார் பக்கத்துல எடம் வேண்டாண்டா."

"வாயை மூடுக்கா."

"நான் மூடிக்கிறேன். நீ வேற வீடு பாரு."

எண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டு ஓனர் போன் செய்தார். அக்காவுக்கு உடம்பு எப்படி என்று ரொம்ப அன்பாக விசாரித்தார். அப்புறம் கேட்டார், "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். சாகப்போகிறவர்களைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோங்கள் என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி ஊர் கிடையாது. அப்பா செங்கல் சூளையிலிருந்து அரிசி ஆலைக்கு, அங்கிருந்து மரக்கடைக்கு என்று வேலை கிடைத்த இடமெல்லாம் சட்டிபானையோடு அலைந்தவர். நாங்கள் பிறந்த வீடுகள் எதுவுமே எங்கள் வீடுகள் இல்லை. அவரும் அம்மாவும் சென்னையில்தான் போனார்கள், ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக.

அதற்கப்புறம் என்னை வளர்த்தது அக்கா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைத்தாள். சட்டை என்றால் முழுச் சட்டை இல்லை. காலர் மட்டும். வாழ்க்கை முழுவதும் காலர். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவனின் கழுத்தைப் பார்த்தே அவன் சட்டை நல்ல தையலா மட்டத் தையலா என்று சொல்வாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒருத்தன் காலரும் சரியா இல்லை" என்று பதில் சொல்லி அனுப்பினாள்.

தூரம், வாடகை, இன்னொன்று

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரர் கிரேனுக்கு எலக்ட்ரீஷியன் தேடுவதாகத் தகவல் வந்தது. சம்பளம் சென்னையைவிடக் குறைவு. நான் சரி என்று சொல்லிவிட்டேன். நண்பர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். அவர்களுக்கு வீடு இருந்தது.

பட்டணத்தை விட்டுப் போகிற குடும்பம் எப்படி ஊர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் போனில் பேசிக் காணொளி போடுகிறார்கள். வாடகை பாருங்கள், பள்ளிக்கூடம் பாருங்கள், பஸ் பாருங்கள், தண்ணீர் பாருங்கள். செத்தால் கூடத்தில் கிடத்த விடுவார்களா என்று பாருங்கள் என எவனும் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியது மூன்று. வாடகை கட்டுப்படியாக வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பைக்கில் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற தூரம் வேண்டும். நாலாவதை வெளியே சொல்ல முடியாது.

நாகூர் பக்கம்தான் முதலில் போனோம். தர்காவைச் சுற்றி இருக்கிற வீடுகளில் பாதி வீட்டை யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நாள் கணக்கில் சம்பாதிக்கிறவர் மாதக் கணக்கில் ஏன் விடப்போகிறார்? திருநள்ளாறில் சனிக்கிழமைக் கூட்டம் வீட்டு வாடகையை ஏற்றி வைத்திருந்தது, தூரமும் அதிகம். நாகப்பட்டினத்தில் ஒருவர் நாங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டார். ஆளுங்கதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். கலா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு பேசவில்லை. "நீங்க வாயக் கட்டாத வரைக்கும் நமக்கு வீடு கிடைக்காது" என்றாள் கடைசியில்.

அதனால் காரைக்காலில் வாயைக் கட்டினேன். அதுதான் தப்பாகப் போனது.

மாடி வீட்டுக்காரர்

தரகர் கணபதி எங்களுக்குப் பழக்கமானது அங்கேதான். பழைய மொபெட்டில் ஊரையே சுற்றுகிறவர். பேசும்போதுகூட வண்டியை நிறுத்த மாட்டார். அவர் காட்டிய வீடு காரைக்கால் டவுனுக்குள் கீழ்ப்போர்ஷன். ஓனர் ரிட்டயர்டு ஆள், மாடியில் குடும்பத்தோடு இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மரியாதையான பேச்சு.

"வீட்டுல எத்தனை பேரு?"

"நாலு பேருங்க."

"நோயாளிங்க யாரும் உண்டா?"

யாரிடமும் வெட்டிப் பேசுகிற நான் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நெளிந்தேன். "அக்காவுக்கு அல்சருங்க" என்றேன்.

சாமான் இறக்கினோம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த வாரமே ஓனரின் மனைவி ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து, "அல்சருக்கு மிளகு போடாம வெச்சேன்" என்று கொடுத்திருக்கிறார். அக்கா வாங்கிக்கொண்டு, "மிளகு போட்டே குடுங்கம்மா, எனக்கு அல்சர் இல்லை. இது வேற. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஓனர் கீழே வந்தார். உட்காரவில்லை.

"நீங்க என்கிட்ட மறைச்சிட்டீங்க. எடம் குடுக்க முடியாது. தப்பா நெனைக்காதீங்க."

"எதுக்குங்க முடியாது? காரணம் சொல்லுங்க."

"முடியாதுன்னா முடியாதுங்க."

நான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். உங்கள் வீட்டில் யாரும் சாகவே மாட்டார்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டார். முன்பணத்தை மறுநாள் கணபதியிடம் முழுசாகக் கொடுத்தனுப்பினார். அதுவும் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

"ஏன்க்கா சொன்ன?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அந்தம்மா மிளகு போடாம ரசம் வெச்சிருக்குடா. அவ்வளவு பாவம் பாக்குறவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?" என்றாள். "அடுத்த வீட்டுக்கு நான் பேசுறேன். நீ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

எந்தப் பக்கம் தலை வைப்பீர்கள்?

இப்போது மறுபடியும் திருமலைராயன்பட்டினத்து வாசலுக்கு வருகிறேன். நான் கையை விரித்து நிலையை அளந்துகொண்டிருந்தபோது, அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி, கணபதியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் அவர் கழுத்தைப் பார்த்து, "உங்க காலரு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்றாள். அவர் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா பெயர் ஜொகரா. அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவர். பின்கட்டில் தனியாக இருந்தார். அவருக்குப் பக்கத்துச் சந்தில் வேறு வாசல். இரண்டு மகன்களும் வளைகுடாவில். முன்கட்டைத்தான் வாடகைக்கு விட்டார். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "உக்காருங்க, என்னா இப்புடி மூச்சு வாங்குது?" என்றார்.

அக்கா உட்காரவில்லை. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

"லாத்தா, நான் ஒண்ணு கேக்குறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் சாகப்போறேன். அடுத்த வருஷம் பாக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில சாக இஷ்டமில்ல. உங்க வீட்டுல சாகலாமா?"

கணபதி "அல்லாவே" என்றார். அவர் முஸ்லிம் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

ஜொகரா லாத்தா கூடத்தை ஒரு தரம் பார்த்தார். நான் மனதுக்குள் அடுத்த ஊரைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஒங்கள்ள எந்தப் பக்கம் தல வெப்பீங்க?" என்று கேட்டார்.

"தெக்கால."

"நாங்க வடக்கால வெச்சு, மொகத்த மேக்க திருப்புவோம்."

அக்கா கூடத்தைப் பார்த்தாள். "அப்ப ஒரே கூடத்துல ரெண்டு பேரையும் போடலாம் லாத்தா. முட்டிக்காது."

லாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்காவும் சிரித்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கலா கொல்லையிலிருந்து ஓடிவந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் விழித்தாள்.

வீடு கிடைத்தது.

நான் மட்டும் ஒன்று கேட்டேன். "இந்த இடது கதவைத் திறந்து வெச்சுக்கலாங்களா?"

லாத்தாவின் முகம் மாறிவிட்டது. "அது தொறக்காது தம்பி" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம்

கீழவாஞ்சூரிலிருந்து பட்டினம் பைக்கில் சட்டென்று வந்துவிடலாம், நிலக்கரி லாரிகள் வழி விட்டால். தினமும் மத்தியானம் வந்தேன். மூக்குக்குள் படிந்த கறுப்பைச் சிந்திவிட்டு, கை கழுவி, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நான் சாப்பிடுவதைப் பார்ப்பது மட்டும்தான். "மெதுவாத் தின்னுடா, கிரேன் ஓடியா போயிடும்" என்பாள். கிரேன் ஆபரேட்டர் ஸ்டீபனும் என்னோடு சில நாள் வருவான். அவனுடைய யூனிஃபார்ம் காலரை அக்கா ஒரு நாள் படுத்தபடியே பிரித்து, கையாலேயே தைத்துக் கொடுத்தாள். அவள் கடைசியாகத் தைத்தது அதுதான்.

கதவின் கதையை லாத்தாவிடமிருந்து பிடுங்கியதும் அக்காதான்.

லாத்தாவின் கணவர் சவூதியில் வேலை பார்த்தவர். கடைசித் தடவை கிளம்பியபோது பெரிய பெட்டி இருந்ததால் இரண்டு கதவையும் திறந்தார்களாம். அவர் போனதும் லாத்தா இடது கதவைத் தாழிட்டார். "ஒரேயடியா வந்துடுறேன்னு சொன்னாங்க. வர்றப்ப தொறக்கலாம்னு சாத்துனேன்" என்றாராம். அவர் வரவில்லை. அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கிவிட்டார்கள். போன் மட்டும் வந்தது. "புள்ளைங்க வாப்பா மொகத்தக்கூட நான் பாக்கல. கூடம் காலியாவே கெடந்துச்சு. மய்யித்து இல்லாத வூட்டுல நான் இத்தா இருந்தேன் வசந்தா" என்று சொன்னாராம். மய்யித்து என்றால் இறந்தவர் உடல். கணவன் இறந்த பெண் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் நாட்களை அவர்கள் இத்தா என்பார்கள்.

அக்கா இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இடம் இருக்கிறவர்களுக்கு உடல் வரவில்லை. உடல் இருக்கிறவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. என்ன ஏற்பாடு இது?

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஒரு காலை, கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். ராஜேந்திரன் ஆசாரி உளியால் பச்சைப் பெயிண்டைச் சுரண்டித் தாழை விடுவித்துக்கொண்டிருந்தார். லாத்தா பக்கத்தில் நின்றார்.

"எனக்கு வழி பண்றீங்களா லாத்தா?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ஒனக்கு யாரு பண்ணுவா? காத்து வரட்டும்னு தொறக்குறேன்."

"பொய் சொன்னா நரகத்துக்குப் போவீங்க."

"நீ முன்னாடி போயி எடம் புடிச்சு வையி."

ஆசாரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கதவு முனகிக்கொண்டே திறந்தது. கூடத்தில் அதுவரை வெளிச்சம் படாத ஒரு மூலையில் வெயில் விழுந்தது. அங்கே சிமெண்டுத் தரை வேறு நிறத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை

துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறும்போது போன் கொண்டுபோகக் கூடாது. எங்கள் ஒப்பந்தக்காரர் வைத்த விதி. நல்ல விதிதான். கை தவறினால் கீழே நிற்கிறவன் மண்டை போய்விடும். அன்று காலை நான் மேலே இருந்தேன், போன் கீழே பெட்டிக்குள் இருந்தது. எவ்வளவு நேரம் அடித்ததோ தெரியாது. ஸ்டீபன் கீழேயிருந்து கையை ஆட்டினான். அவன் கையை ஆட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கினேன். பைக்கை எடுத்தேன். லாரிகள் வழி விட்டன. போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குள் போய்த் திரும்புகிற தூரம் என்று ஊர் ஊராகத் தேடிப் பிடித்த வீடு. அவள் போகும்போது நான் பக்கத்தில் இல்லை. இதை எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை. அதனால் இப்படியே விடுகிறேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கலாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலைங்க. வெக்கையா இருக்கு, ரெண்டு கதவையும் தொறங்கன்னாங்க. மழையில ஊதிப்போய்த் தொறக்கல. நானும் லாத்தாவும் சேந்து தள்ளுனோம். தொறந்துட்டுத் திரும்பிப் பாத்தா..."

லாத்தா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். தெற்கே தலை. கூடத்துச் சுவரில் அவர் வீட்டு அரபு எழுத்துப் படம், கீழே எங்கள் வீட்டு விளக்கு. இரண்டையும் யாரும் நகர்த்தவில்லை.

பறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாதி வாழ்க்கையைத் தையல் மெஷின் சத்தத்தில் கழித்தவள். அமைதியாகப் போகட்டும்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மயானத்திலிருந்து வந்த ஆள், "மழ எறங்குறதுக்குள்ள எடுத்துடணும் சார், அப்பறம் நெருப்பு நிக்காது" என்றார். பாடை கட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தூக்க ஆள் இல்லை.

கொள்ளிச்சட்டி எடுத்து முன்னால் போக வேண்டியவன் நான். நான் தூக்க முடியாது. கலாவின் தம்பி சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான், இருட்டுவதற்குள் வர மாட்டான். அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். மீதிப் பேர் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். "தொழுதுட்டு வந்துடுவாங்க தம்பி, கொஞ்சம் நில்லு" என்றார் லாத்தா. மழை நிற்குமா?

தண்ணீரைப் பார்த்தோம், பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம், வாடகையைப் பார்த்தோம். நான் வாசலைக்கூட அளந்தேன். வாசல் வழியாகத் தூக்கிப்போக நாலு தோள் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. பட்டணத்தை விட்டு வருகிறவன் மறந்துபோவது அதைத்தான். புது ஊரில் வீடு சீக்கிரம் கிடைத்துவிடும், மனிதர்கள் அப்படிக் கிடைக்க மாட்டார்கள்.

ஸ்டீபன் என் பின்னாலேயே வந்திருந்தான், ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே இருந்தது. ராஜேந்திரன் ஆசாரி செய்தி கேட்டு வந்தார். வந்ததும் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார். கணபதி மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். நிஜமாகவே நிறுத்தினார். மூன்று பேர்.

தெருவின் எதிர்ப்பக்கம் ஒருவர் கையில் மாலையோடு நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. காரைக்கால் வீட்டு ஓனர். கணபதி சொல்லியிருக்கிறார். உள்ளே வரத் தயங்கி நின்றார்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து மாடியில இருந்துச்சு" என்றார் அவர். "வயித்துப் புள்ளைக்காரி இருக்குற வூட்டுல சாவு விழக்கூடாதுன்னு எங்க வூட்டம்மா அழுதுட்டாங்க. அதான்."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன். கத்தாம போயிருப்பேன்."

கணபதி பின்னாலிருந்து, "சார், ஒரு தோளு கொறையுது" என்றார்.

ஓனர் மாலையைக் கணபதி கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றித் தெருவோரம் விட்டார். உள்ளே வந்தார்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆனால் அவர் தூக்கினார். அறுபதைத் தாண்டியவர், நடுவில் தோள் மாற்றக்கூட இல்லை. அக்கா பார்த்திருந்தால் நாலு பேர் காலரையும் பார்த்து, அவருடையதுதான் நல்ல தையல் என்று சொல்லியிருப்பாள்.

பாடை இரண்டு கதவுக்கும் நடுவில் நேராக, எதிலும் இடிக்காமல், யாரும் திரும்பாமல் வெளியே வந்தது. இடது கதவுக்குக் கொக்கி கிடையாது. காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க லாத்தா அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது, அதனால் பார்க்கவில்லை. வசந்தா என்று கூப்பிடவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டார். மரியாதையாக, "ஏங்க" என்று.

தாழ்

மழை எங்களைத் திரும்பும் வழியில்தான் பிடித்தது. நனைந்து வந்து, குளித்து, விளக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். லாத்தா வாசலிலேயே இருந்தார்.

"சாத்தட்டுமா லாத்தா?"

"நான் சாத்துறேன்."

ஊதிய கதவைத் தோளால் முட்டிச் சாத்தினார். கீழ்த் தாழைப் போட்டார். மேல் தாழ் எட்டவில்லை. நான் போட்டேன்.

"அடுத்து இது எனக்குத்தான் தொறக்கணும் தம்பி" என்றார். "புள்ளைங்க வந்து சேர முடியுமோ முடியாதோ. நீ வூட்ட காலி பண்ணிட்டுப் போயிடாத."

அதற்கப்புறம் எனக்குத் தூத்துக்குடியில் ஒரு வேலை வந்தது. நல்ல சம்பளம். கலா என் முகத்தைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து வருகிற ஆண்களிடம் நின்று பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சுலபமாக வராத காரியம் அது.

போனை இப்போது கிரேன் மேலே கொண்டுபோகிறேன். சட்டைக்கு உள்பக்கம் கலா ஒரு பை தைத்து, மூடிப் பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறாள். கீழே விழாது. மேலே போன் எதற்கு என்று மேஸ்திரி இரண்டு தரம் கேட்டுவிட்டார். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கட்டும்.